சீசன் நேரத்தில் மாஸ்டர் போய்விட்டார்: ஒரு தையல் கடையில் ஆட்களைத் தக்கவைக்க நான் பட்ட பாடு

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடியில் என் தையல் கடை இருக்கிறது. சாரி பிளவுஸ், கல்யாண பிளவுஸ், ஆரி வேலை எல்லாம் செய்கிறோம். 2018இல் இரண்டு மெஷினோடு தொடங்கியபோது எனக்கு 26 வயது. 2023 ஜூலையில், வருடத்திலேயே வேலை குவிந்து கிடக்கிற நேரத்தில், கட்டிங் மாஸ்டரும் தைக்கிற பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரே கிழமையில் வேலையை விட்டுப் போனார்கள். அந்த ஒரு சீசனில் எனக்கு நட்டம் ஏறக்குறைய ஏழு இலட்சம் ரூபா. பத்துப் பேருக்குள் வைத்து கடையோ பட்டறையோ நடத்துகிற என் வயதுக்காரர் கொழும்பில் நிறையப் பேர் இருக்கிறோம். எனக்கு இதையெல்லாம் முன்கூட்டிச் சொல்ல ஆள் இருக்கவில்லை. உங்களுக்காவது உதவட்டும் என்று எழுதுகிறேன்.

எங்கள் தொழிலின் சீசனை முதலில் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஆடியில் கல்யாணம் இல்லை, ஆனால் ஆவணிக் கல்யாணங்களுக்கான தையல் முழுக்க ஆடியில்தான் நடக்கும். அதே நேரம் லண்டன், டொரொன்டோ, பாரிஸில் பள்ளிக்கூட விடுமுறை விட்டிருக்கும். நல்லூர்த் திருவிழாவுக்கும் சொந்தக்காரர் கல்யாணத்துக்கும் என்று வருகிறவர்கள் கொழும்பில் இறங்கி, வெள்ளவத்தையில் சாரி எடுத்து, அடுத்த வாசலிலேயே பிளவுஸுக்கு அளவு கொடுப்பார்கள். மூன்று கிழமை லீவில் வந்தவரிடம் "அடுத்த மாதம் வாங்க அன்ரி" என்று சொல்ல முடியாது. பிளேனுக்கு முன் கொடுக்க வேண்டும், அதுவும் உடம்பில் சரியாக உட்கார வேண்டும்.

அந்தச் சரி, பிழையை முடிவு செய்வது கட்டிங். தைக்கிறவரைத் தேடிப் பிடிக்கலாம், வெட்டுகிறவர் கிடைப்பது குதிரைக்கொம்பு. பட்டுச் சாரியோடு வருகிற பிளவுஸ் துண்டு பெரும்பாலும் 80 சென்டிமீட்டர்தான் இருக்கும். கழுத்தையோ கைவளைவையோ ஒரு அங்குலம் தவறி வெட்டிவிட்டால், அதே நிறத்தில் அதே கரையோடு இன்னொரு துண்டு உலகத்தில் இல்லை. எங்கள் மாஸ்டர் கிராண்ட்பாஸ்காரர், ஐம்பதைத் தாண்டியவர், முஸ்லிம் ஆட்களிடம் அண்ணனுக்குச் சொல்கிற மாதிரி 'நானா' என்றுதான் கூப்பிடுவேன். வந்தவரின் தோளை ஒரு தடவை பார்த்துவிட்டு, ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது என்று அளவு நாடாவை எடுக்க முதலே சொல்லிவிடுவார். கடைக்கு வந்த நல்ல பெயரில் பாதி அவருடைய கையால் வந்தது.

2022ஐயும் அவரோடுதான் கடந்தேன். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. மெஷின் ஓடாது, அயர்ன் சுடாது. புறக்கோட்டையில் லைனிங் துணியின் விலை காலையில் ஒன்று, பின்னேரம் இன்னொன்று. பெற்றோல் வரிசை எல்லாக் கடைவாசல்களையும் மறித்துக்கொண்டு கிடந்தது. ஒரு மாதச் சம்பளத்துக்கு என் இரண்டு காப்புகளை அடகு வைத்தேன். அந்த வருடம் நாட்டைவிட்டு வேலைக்குப் போனவர்கள் 3 இலட்சத்துக்கும் அதிகம், எங்கள் கடையிலிருந்தும் ஒரு பிள்ளை கட்டார் போனாள். மிச்சப் பேர் நின்றார்கள். அப்படியொரு வருடத்திலேயே நின்றவர்கள் இனி எங்கே போகப்போகிறார்கள் என்று நான் நம்பியிருந்தேன்.

போனார்கள். வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்த நானா, மேசையில் கத்தரிக்கோலைத் துடைத்து வைத்துவிட்டு, "தங்கச்சி, திங்கக்கிழமையிலேந்து நான் வரமாட்டேன்" என்றார். புதிதாகத் திறக்கிற ஒரு கடையில் சேரப்போவதாகச் சொன்னார். சம்பளம் எவ்வளவு என்று கேட்டேன். நான் கொடுத்ததைவிட ஐயாயிரம்தான் கூட. ஐயாயிரத்தை நானே தருகிறேன் என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். இரண்டு நாள் கழித்து அவரோடு சேர்ந்து வேலை பழகிய பிள்ளைகளும் சொல்லிவிட்டார்கள். கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. ராத்திரி கடையைப் பூட்டிவிட்டு உள்ளேயே இருந்து அழுதேன். அம்மாவுக்குச் சொன்னால் கடையை மூடச் சொல்வார் என்று வீட்டிலும் சொல்லவில்லை.

அதன் பிறகு ஆறேழு கிழமை வெறும் ஓட்டம். தெஹிவளையிலும் கொட்டாஞ்சேனையிலும் தெரிந்த வெட்டுக்காரர்களிடம் துணியைப் பையில் போட்டுக்கொண்டு போய்க் கெஞ்சினேன். அவர்களுக்கும் அதுதான் சீசன், இரட்டிப்புக் கூலி கேட்டார்கள். வெளியில் கொடுத்த தையலுக்கு வழமையைவிடக் கூடக் கொடுத்தது 260,000 ரூபா. பிழையாக வெட்டிய பட்டுகளுக்கு ஈடாகக் கட்டிய காசு 185,000. திருப்பி அனுப்பிய கல்யாண ஓர்டர்களில் கைவிட்டுப்போனது ஒரு 250,000. டொரொன்டோவிலிருந்து வந்த ஒரு மணமகளின் தாய் என் முன்னாலேயே பிளவுஸைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் எடுத்துக்கொண்டு போனார். அவர் ஏசியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

இந்த இடத்தில் ஒரு விஷயம். நானா தன் அளவுக் கொப்பியை எனக்கே விட்டுவிட்டுத்தான் போனார். ஆனால் அதை என்னால் வாசிக்க முடியவில்லை. அவருக்கு மட்டும் விளங்கும் புள்ளிகள், கோடுகள், பாதித் தமிழ் பாதிச் சிங்கள எழுத்து. ஐந்து வருட வாடிக்கையாளரின் உடம்பளவு எல்லாம் கண் முன்னால் இருக்கிறது, ஒன்றுக்கும் உதவாது. உங்கள் தொழில் எதுவானாலும், ஒரே ஆளின் தலைக்குள் மட்டும் இருக்கிற வேலை எது என்று இன்றைக்கே பாருங்கள். பேக்கரியில் மாவு கலக்கிறவர், அச்சகத்தில் மெஷினுக்கு மை ஏற்றுகிறவர், கராஜில் சத்தத்தை வைத்தே பழுது சொல்கிறவர் என்று எல்லா இடத்திலும் ஒருவர் இருப்பார். இப்போது எங்கள் கடையில் அளவு எழுத ஒரே மாதிரியான படிவம் இருக்கிறது. அடிக்கடி வருகிறவர்களின் அளவுக்குக் கடுதாசியில் பேப்பர் கட்டிங் வெட்டி, பெயர் எழுதித் தொங்கவிட்டிருக்கிறோம். வெட்டத் தெரிந்தவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள், மூன்றாமவர் பழகுகிறார். பழக்கிவிடுகிறவருக்கு அதற்கென்று மாதம் தனிக் கொடுப்பனவு உண்டு. தொழிலைச் சொல்லிக்கொடுத்தால் தன் இடம் போய்விடும் என்ற பயம் எந்த மாஸ்டருக்கும் இருக்கும். அந்தப் பயத்துக்குப் பதில் காசாலும் பதவியாலும்தான் சொல்ல முடியும், வாயால் முடியாது.

ஒக்டோபரில் சீசன் ஓய்ந்த பிறகு நானாவைப் பார்க்கக் கிராண்ட்பாஸுக்குப் போனேன். சண்டை பிடிக்கும் எண்ணம் இருக்கவில்லை, காரணம் தெரியாமல் இன்னொரு சீசனைத் தொடங்கப் பயமாக இருந்தது. தேத்தண்ணி தந்துவிட்டுச் சொன்னார்: "உங்களோட எனக்கு மனத்தாங்கல் ஒண்டும் இல்ல தங்கச்சி. மகனுக்கு ஓட்டோ ஒண்டு லீசிங்ல எடுக்கப் போனோம். சம்பளக் கடிதம் கேட்டாங்க, பேங்குல சம்பளம் விழுந்த கணக்குக் கேட்டாங்க. நாப்பது வருஷமா வேலை செய்யிறன், வேலை செய்யிறன்னு காட்ட ஒரு துண்டுக் கடதாசி என்கிட்ட இல்ல. அவங்க முதல் நாளே கடிதம் தந்தாங்க." எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அதைக் கடையில் என்னிடம் ஏன் கேட்கவில்லை என்றேன். முதலாளியிடம் கடிதம் கேட்டால் போகப்போகிறோம் என்று நினைப்பார்களே என்றார். அவர் முன்பு வேலை செய்த இடங்களில் அப்படித்தான் நடந்திருக்கிறது.

போன பிள்ளைகளில் ஒருத்தி ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவள். அவளுடைய அம்மாவோடு போனில் பேசினேன். கொழுந்து பறிக்கிறவர். அவர் கேட்ட ஒரு கேள்வி இன்னும் காதுக்குள் நிற்கிறது: "தோட்டத்துல கொழுந்து எடுக்கிற எனக்கே ஈபிஎஃப் இருக்கு அம்மா. கொழும்புல வேலை செய்யிற என் மகளுக்கு இல்லன்னா அது என்ன வேலை?" ஈபிஎஃப் என்பது ஊழியர் சேமலாப நிதி, முதலாளியும் ஊழியரும் மாதாமாதம் கட்டுகிற சேமிப்பு. தோட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில் கடைசிக் காலத்துக்கு நம்பியிருப்பது அந்தக் காசைத்தான். பெட்டிக்கு அடியில் ஈபிஎஃப் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிற வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கு, அது இல்லாத வேலை எத்தனை வருடம் செய்தாலும் தற்காலிக வேலைதான்.

கடைக்குக் கணக்கு எழுதித் தந்தவர், பீஸ் ரேட்டில், அதாவது தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற கூலியில், தைக்கிறவர்களுக்கு ஈபிஎஃப் தேவையில்லை என்று தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். அக்கம்பக்கத்துக் கடைகளிலும் அதையேதான் சொன்னார்கள். நாரஹேன்பிட்டியில் தொழில் திணைக்களத்துக்குப் போய்க் கேட்டபோதுதான் தெரிந்தது, அது முழுப் பொய். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டப்படி, ஒரே ஒரு ஆளை வைத்திருந்தாலும் ஊழியர் சேமலாப நிதி கட்ட வேண்டும். பீஸ் ரேட்டானாலும் நாட்கூலியானாலும் அதேதான். ஊழியரின் பங்கு 8 சதவீதம், முதலாளியின் பங்கு 12 சதவீதம், அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 சதவீதம். 60,000 ரூபா எடுக்கிற ஒருவருக்கு அவருடைய சம்பளத்தில் 4,800 கழியும், நீங்கள் உங்கள் கையிலிருந்து 9,000 போட வேண்டும். அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டாவிட்டால் மிகைக்கட்டணம் 5 சதவீதத்தில் தொடங்கி, தாமதம் நீள நீள 50 வரை ஏறும். பழைய மாதங்களுக்கான ஊழியரின் 8 சதவீதத்தையும் பிறகு அவரிடம் பிடிக்க முடியாது, அதுவும் முதலாளியின் தலையில்தான். நான் பழைய நிலுவையைத் தவணையாகக் கட்டி முடித்தேன். சீசனில் போன காசைவிட அது பெரிது. இரண்டு ராத்திரி தூக்கமே வரவில்லை. ஆனால் அந்தக் காசு எங்களோடு வேலை செய்தவர்களின் பெயரில் போய்ச் சேர்ந்தது, அந்த நிம்மதி எனக்கு இருக்கிறது.

ஆளை எடுக்கும்போது செலவை நேர்மையாகக் கணக்குப் பார்ப்பது இதனால்தான் முக்கியம். 60,000 என்று பேசி எடுத்தால் உங்களுக்கு அவர் 69,000. இதற்குக் கீழே இறங்க முடியாத எல்லையும் இருக்கிறது: தேசிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஏப்ரலில் 27,000 ஆகவும் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ஆகவும் உயர்ந்தது. இந்தக் கணக்கு கட்டுப்படியாகாவிட்டால் தையற்கூலியை உயர்த்துங்கள், அல்லது ஆளைக் குறைத்து எடுங்கள். நான் கூலியை உயர்த்தினேன். கொஞ்ச வாடிக்கையாளர் போனார்கள், நின்றவர்களை வைத்தே கடை ஓடுகிறது.

கடிதத்துக்கு வருகிறேன். எல்லோருக்கும் நியமனக் கடிதம் கொடுத்தேன். அவரவர் வாசிக்கிற மொழியில் கொடுங்கள். எங்களிடம் ஃபினிஷிங் செய்கிற அக்கா களனியிலிருந்து வருகிறவர், அவருக்குச் சிங்களத்தில். பதவி, சேர்ந்த திகதி, அடிப்படைச் சம்பளம், சம்பளம் விழும் திகதி, வேலை நேரம், மேலதிக நேரத்துக்கு ஒன்றரை மடங்கு, லீவு, விலகுவதானால் எவ்வளவு நாள் முன்பு சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. ஒரு மாத முன்னறிவித்தல் என்பது இரண்டு பக்கத்துக்கும்தான், நான் நிறுத்துவதானாலும் ஒரு மாதம் முன்பு சொல்ல வேண்டும். வேலையை விட்டுப் போகும்போது கொடுக்கிற பணிக்கொடையை, அதற்கான சட்டம் 15 பேரோ அதற்கு மேலோ உள்ள இடங்களில்தான் கட்டாயப்படுத்துகிறது. அங்கே ஐந்து வருடம் முடித்தவருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம். எங்களிடம் அவ்வளவு பேர் இல்லை, இருந்தாலும் அதே கணக்கைக் கடிதத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஐந்து வருடம் நின்றால் கையில் என்ன வரும் என்று ஒருவருக்கு இன்றைக்கே தெரிவது சின்ன விஷயமில்லை. சம்பளமும் இப்போது வங்கிக் கணக்குக்குத்தான் போகிறது, யாருக்கும் கையில் கொடுப்பதில்லை.

நம்மவர் கடைகளில் ஒரு பேச்சு உண்டு: "இங்க எல்லாரும் ஒரு குடும்பம் மாதிரி." நானும் அதை மனதார நம்பிச் சொன்னவள், இப்போதும் எங்கள் பிள்ளைகள் மேல் எனக்குப் பாசம்தான். ஆனால் அந்தப் பேச்சு முதலாளிக்குத்தான் வசதி. குடும்பம் என்றால் சம்பளம் பிந்தினாலும் பொறுக்கலாம், ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லலாம், காசு கேட்க அவர்கள் கூச்சப்பட வேண்டும். கிராண்ட்பாஸில் நானா சொன்னதைக் கேட்ட பிறகு அந்தச் சொல்லை நான் கடையில் பாவிப்பதில்லை. பாசம் இருக்கிறதென்றால் திகதி தவறாமல் சம்பளம் போடுங்கள், லீவைக் கொடுங்கள். அதில் பாசம் தெரிகிறது.

பீஸ் ரேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். சீசனில் தைக்கிற பிள்ளை நல்ல காசு பார்க்கும். மார்கழியில் கல்யாணம் இல்லை, ஒரு பக்கம் கைச்செலவுக்கே காணாது, மறு பக்கம் போர்டிங் வாடகை எல்லா மாதமும் ஒன்றுதான். ஆட்கள் வேறு வேலை தேடத் தொடங்குவது இந்த வெறும் மாதங்களில். சீசனில் அவர்கள் போவதைத்தான் நாம் பார்க்கிறோம், முடிவு எடுத்தது அதற்கு ஐந்தாறு மாதத்துக்கு முன்பு. இப்போது வருடம் முழுக்க நிலையான அடிப்படைச் சம்பளம், அதற்கு மேல் பீஸுக்கு ஒரு தொகை என்று பிரித்திருக்கிறோம். வெறும் மாதத்தில் பேப்பர் கட்டிங், லைனிங் தயாரிப்பு, புதுப் பிள்ளைகளுக்கு ஆரி பழக்குவது என்று வேலை வைக்கிறேன். ஆகஸ்ட் கடைசியிலும் ஜனவரி கடைசியிலும் சீசன் போனஸ் உண்டு, தொகையை எப்படிக் கணக்கிடுவது என்று முன்பே எழுதிக் கொடுத்தாயிற்று. சில இடங்களில் ஆள் ஓடிவிடக் கூடாது என்று ஒரு மாதச் சம்பளத்தைப் பிடித்து வைக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உழைத்த காசைப் பிடித்து வைத்தால் ஆள் நிற்பார், கை வேலையில் நிற்காது.

லீவில்தான் அதிகம் முட்டிக்கொள்வோம். மலையகப் பிள்ளைகளுக்குத் தீபாவளி என்றால் வீட்டுக்குப் போயே ஆக வேண்டும், அதே நேரம் தீபாவளிப் பிளவுஸ் வாங்க வருகிறவர்கள் கடைசி ராத்திரி வரை வருவார்கள். முன்பெல்லாம் முந்தின நாள் இரவு வேலை முடித்து, அந்த நெரிசலில் ஹட்டன் பஸ் பிடித்து, விடிகாலையில் அரை உயிரோடு வீடு போய்ச் சேருவார்கள். இப்போது தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பே கடை பூட்டு. ஓர்டர் எடுக்கும்போதே கடைசித் திகதியைச் சொல்லிவிடுகிறோம். கடையில் கவுண்டரில் நிற்கிறவர்களுக்குக் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வருடாந்த விடுமுறை 14 நாளும் திடீர்த் தேவைகளுக்கான அமைய விடுமுறை 7 நாளும் இருக்கிறது. நான் மெஷினில் இருப்பவர்களுக்கும் அதையே வைத்திருக்கிறேன். ஒரு பிள்ளைக்கு ஒரு மாதிரி, இன்னொரு பிள்ளைக்கு வேறு மாதிரி என்று லீவு கொடுத்தால் கடைக்குள் வருகிற மனக்கசப்பு சம்பளப் பிரச்சினையைவிட மோசம்.

வாடிக்கையாளர் ஏசும்போது இடையில் நில்லுங்கள். பிளவுஸ் இறுக்கமாக இருந்தால் சிலர் நேரே மெஷினுக்கு வந்து பிள்ளையின் முகத்துக்கு நேரே கத்துவார்கள். பிழை எங்களுடையதானாலும் பேச வேண்டியது என்னோடு. பிள்ளையிடம் பிறகு, வேறு ஆள் இல்லாத இடத்தில் சொல்லலாம்.

முற்பணக் கடன் கேட்டால் கொடுங்கள், ஆனால் திருப்புகிற தவணையை எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வையுங்கள். கடனைக் காட்டி ஆளைக் கட்டிவைக்க நினைக்காதீர்கள், கடனோடு சேர்த்தே போய்விடுவார்கள்.

இவ்வளவும் செய்த பிறகு ஒருவரும் போகவில்லையா? போனார்கள். 2024இல் ஒருத்தி கல்யாணம் முடித்துப் பதுளைக்குப் போனாள். ஒரு மாதம் முன்பே சொன்னாள், தன் வேலையைப் பழக ஒரு பிள்ளையையும் காட்டித் தந்தாள். கல்யாணத்துக்காக வேலையை விடுகிற பெண்கள் ஈபிஎஃப் காசை முன்கூட்டியே எடுக்கலாம், அதற்கான தாள்களை நானே நிரப்பிக் கொடுத்தேன். நானா திரும்பி வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. ஆனால் தன் தங்கச்சி மகனை என்னிடம் வேலைக்கு அனுப்பினார். அவன்தான் இப்போது எங்கள் இரண்டாவது வெட்டுக்காரன். கடந்த இரண்டு ஜூலையிலும் சீசன் நடுவில் யாரும் விட்டுப் போகவில்லை.

கையில் காசு குறைவு, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்ய முடியாது என்றால், நான் சொல்கிற ஒழுங்கு இது. நியமனக் கடிதத்தை இந்தக் கிழமையே கொடுங்கள், அதற்குச் செலவு ஒன்றும் இல்லை. அடுத்து சம்பளத்தை வங்கிக்கு மாற்றுங்கள். அப்புறம் ஈபிஎஃப் பதிவு, சட்டப்படி முதல் ஆளை எடுத்து 14 நாளுக்குள் செய்திருக்க வேண்டியது, பிந்தியிருந்தால் இன்னும் பிந்தாதீர்கள். அடிப்படைச் சம்பளத்தையும் போனஸையும் அதற்குப் பிறகு பார்க்கலாம். உங்கள் பகுதித் தொழில் அலுவலகத்துக்குப் போகும்போது வியாபாரப் பதிவுச் சான்றிதழ், வேலையாட்களின் அடையாள அட்டைப் பிரதிகள், ஒவ்வொருவரும் சேர்ந்த திகதியும் சம்பளமும் எழுதிய தாள் மூன்றையும் கொண்டுபோங்கள். உங்கள் தொழிலுக்கு எது சீசனோ, அது தொடங்குவதற்கு இரண்டு மாதம் முன்பே போய்விடுங்கள்.